உம்மாவின் எலும்பும் ஒரு டின் பவுடரும்



உம்மாவுக்கு இடுப்பு வலி, முழங்கால் வலி என்றால் வட்ஸ்அப்பில் வருகிற 'அன்டிஒக்சிடன்ட்' பவுடரை ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். அதே உம்மா எல்லாருக்கும் மீனைப் போட்டுவிட்டு, மிஞ்சின ஆணத்தில் சோறு பிசைவதை நாங்கள் கவனிப்பதில்லை.

விளம்பரம் முழுப்பொய் என்று சொல்ல வரவில்லை. எலும்பு அன்றாடம் அரிபட்டு, திரும்பக் கட்டப்படுகிற ஒன்று. அந்த அரிப்பை அடக்கி வைத்திருப்பது ஈஸ்திரஜன் ஓமோன். மாதவிடாய் நின்றதும் அது குறைகிறது, அடுத்த சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. 2003இல் லண்டனில் வந்த ஓர் ஆய்வில், சூலகம் அகற்றிய சுண்டெலிகளின் எலும்பு மச்சையில் உடம்பே உண்டாக்கும் அன்டிஒக்சிடன்ட் குறைந்திருந்தது. விற்றமின் சி கொடுத்தபோது எலும்பு இழப்பு நின்றது. நல்ல செய்திதான். ஆனால் அது எலி. பெண்களிடம் அந்தளவு தெளிவான ஆதாரம் இன்னும் இல்லை. டின்னில் எலியின் படம் போடமாட்டார்கள்!

விற்றமின் சி வேண்டுமென்றால் வளவில் கொய்யா காய்க்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, தோடம்பழத்தில் 50 அளவில்தான். கல்சியத்துக்கு முள்ளோடு தின்கிற நெத்தலி, முருங்கை இலை. குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். வெள்ளை அரிசியில் அதில் பத்திலொன்றும் இல்லை. கடலோரத்தில் இருந்தும் நம் பெண்களுக்கு வெயில் படுவது குறைவு. மதிலுக்குள்ளே கையில் கொஞ்ச நேரம் வெயில் படட்டும், விற்றமின் டி கிடைக்கும். நடக்கவும் விடுங்கள்.

சாப்பாடு மட்டும் போதாத ஆட்களும் இருக்கிறார்கள். 45 வயதுக்கு முன்னமே மாதவிடாய் நின்றவர்கள், சூலகம் இரண்டையும் எடுத்தவர்கள், நீண்டநாள் ஸ்டீரொயிட் குளிசை போடுகிறவர்கள், சும்மா வழுக்கி விழுந்ததுக்கே மணிக்கட்டு முறிந்தவர்கள். முறிவுக்கு எண்ணெய் போட்டுக் கட்டியதோடு விடக்கூடாது. எலும்படர்த்தி ஸ்கேன் தேவையா, மருந்து தேவையா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். நல்ல மருந்துகள் இருக்கின்றன.

வெட்கப்பட்டு இந்தப் பேச்சையே எடுக்காத ராத்தாமார் எத்தனை பேர்! 35 வயதைத் தாண்டியவர்களுக்காக 1996 முதல் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. காசு இல்லை. மாதவிடாய் நிற்கும் காலத்துப் பிரச்சினைகளை அங்கே பேசலாம். கிளினிக் நாள் தெரியாவிட்டால் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேளுங்கள், சொல்லுவார்.