சூதாட்டம் மூலதனத்துடையது, இழப்பு மட்டும் பட்டதாரிக்கா?

பெங்களூருவிலோ குருகிராமிலோ ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனத்தில் சேரும் புதிய பட்டதாரியிடம் முதல் நாளே சொல்லப்படுகிறது: “இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்.” குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கலாமா? எனவே, ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் சில மாதங்களுக்குச் சொற்ப உதவித்தொகை. பின்னர் நள்ளிரவு வரை வேலை. மிகைநேர ஊதியம் கேட்டால் ‘அர்ப்பணிப்பு இல்லாதவர்’ என்ற பழி.

நிறுவனம் இப்போதுதான் முளைத்திருக்கிறது, கொடுக்கப் பணமில்லை என்பது முதலாளிகளின் வாதம். அதற்காகக் கட்டட உரிமையாளர் பாதி வாடகை வாங்கிக்கொள்வதில்லை, மின்கட்டணமும் பாதியாவதில்லை. உழைப்புச் சக்தி என்ற சரக்குக்கு மட்டும் ஏன் பாதி விலை?

“இன்று சம்பளம் குறைவு, நாளை பங்குகள் கிடைக்கும்” என்பது அடுத்த வாதம். சட்டப்படி குறைந்தது ஓராண்டு கழிந்த பிறகே அப்பங்குகள் மீது ஊழியருக்கு உரிமை தொடங்கும். அதற்குள் வெளியேற்றப்பட்டால் எதுவுமில்லை. முதலீட்டாளரோ, நிறுவனம் விற்கப்பட்டால் தம் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்திலேயே வழிசெய்துகொள்கிறார். ஆக, சூதாடுவது மூலதனம். பணயம் வைக்கப்படுவது பட்டதாரியின் ஊதியம்.

பணி ஆணையில் காட்டப்படும் ஆண்டுத் தொகையும் ஏமாற்றே. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்த வேண்டிய பங்கும், ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றினாலொழிய நிரந்தர ஊழியருக்குக் கிடைக்காத பணிக்கொடையும் அதில் ‘சம்பளமாக’ எழுதப்படுகின்றன.

இதற்குப் பாதை போட்டது அரசு. 2016 ஜனவரி 16 அன்று மோடி அரசு வெளியிட்ட ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ செயல்திட்டம், வருங்கால வைப்பு நிதி, ஈஎஸ்ஐ, பணிக்கொடை உள்ளிட்ட சட்டங்களைப் பின்பற்றுவதாக நிறுவனங்கள் தமக்குத்தாமே சான்றளித்துக்கொள்ள அனுமதித்தது. மூன்றாண்டுகளுக்கு வழக்கமான ஆய்வு கிடையாது. எழுத்துப்பூர்வமான, நம்பத்தக்க புகார் வந்தால், அதுவும் மேலதிகாரி ஒப்புதல் அளித்தால் மட்டுமே ஆய்வு. தகுதிகாண் காலத்திலிருக்கும் இளைஞர் யாரை நம்பிப் புகார் எழுதுவார்? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ, ஆய்வாளரை முதலாளிக்கு ‘வசதி செய்து கொடுப்பவராகவும்’ ஆக்கிவிட்டன.

2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம், இளைஞருக்கு மாதம் 5,000 ரூபாய் நிர்ணயித்தது. நாளொன்றுக்கு 167 ரூபாய்கூட இல்லை. அதிலும் பெருநிறுவனம் தருவது 500 ரூபாய். மீதி மக்களின் வரிப்பணம். படித்தவரின் உழைப்புக்கு அரசே இப்படி விலை பேசும்போது, ஸ்டார்ட்அப் முதலாளி ஏன் கூடுதலாகத் தருவார்? வாசலில் வேலையற்றோரின் சேமப்பட்டாளம் நிற்கிறது. கல்விக் கடன் தவணையோ வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

இந்த இளைஞர்களைத் திரட்ட முடியாது என்பது முதலாளிகள் பரப்பும் கட்டுக்கதை. 2024 ஜூலையில் கர்நாடக காங்கிரஸ் அரசிடம், ஐடி துறையில் அன்றாட வேலைநேரத்தை 14 மணி வரை நீட்டிக்கும் யோசனை வந்தபோது, கர்நாடக மாநில ஐடி ஊழியர் சங்கம் களமிறங்கிப் போராடியது. யோசனை கிடப்பில் போடப்பட்டது.

பயிற்சி என்ற பெயரில் உற்பத்தி வேலை வாங்கினால் முழு ஊதியம். ரொக்க ஊதியத்தைத் தனியே காட்டும் பணி ஆணை. மிகைநேரத்துக்கு இரட்டை ஊதியம். சுயசான்றுக்குப் பதில் கட்டாய ஆய்வு. சங்கம் அமைக்கும் உரிமை. இக்கோரிக்கைகளைக் கல்லூரி வாயில்களுக்கும் ஐடி பூங்காக்களுக்கும் கொண்டுசெல்வது தோழர்களின் உடனடிக் கடமை.