திரை கையில் வேண்டாம், மேசையில் இருக்கட்டும்

போனைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிட்டால் பிள்ளை சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலு பிள்ளைகள் ஒரே திண்ணையில் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு உலகம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. திரையை விட, அது இருக்கும் இடம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. அதைக் கையிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் நடுவில் மேசையில் படுக்க வைத்தால் என்ன?

இதை ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுப்பார்கள். "பாலம் உடைந்து கிடக்கிறது, ஆற்றில் வெள்ளம், என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்பார். பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு பலிக்குமா என்பதை 20 முகக் கட்டை ஒன்றை உருட்டிப் பார்ப்பார்கள். மற்றவரைத் தோற்கடிப்பது நோக்கமல்ல, எல்லோரும் சேர்ந்து கரையேறுவதுதான் நோக்கம்.

இதற்குக் கணினி பொருத்திய மேசை என்ற ஆசை பிறகு வந்தது. 2007இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 'சர்ஃபேஸ்' என்ற தொடுதிரை மேசையை அறிவித்தது. திரை 30 அங்குலம், விலை 10,000 டொலர் அளவில். கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் இந்த விளையாட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சாதாரண வீட்டுக்காரர் அந்த விலைக்கு எங்கே போவார்? ஆர்வலர்கள் வேறு வழி கண்டார்கள். பழைய டீவி ஒன்றை மேசைக்குள் படுக்க வைத்து, மேலே தடித்த அக்ரிலிக் தகடு போட்டு, பக்கத்தில் ஒரு பழைய லெப்டொப்பை எச்டிஎம்ஐ வயரால் இணைத்துவிட்டார்கள். வேலை முடிந்தது.

கட்டுவதே ஒரு பாடம் என்பேன். 43 அங்குல டீவி என்றால் அது மூலைவிட்ட அளவு. திரையின் விகிதம் 16க்கு 9. பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் அகலம் 37.5 அங்குலம், உயரம் 21 அங்குலம் வரும். விளையாட்டில் ஓர் அங்குலக் கட்டம் 5 அடி நிலத்தைக் குறிக்கும். 1920 புள்ளி அகலமுள்ள திரையில் ஓர் அங்குலத்துக்கு 51 புள்ளிகள். வரைபடத்தை அந்த அளவுக்குப் பெருக்கினால்தான் பொம்மைகள் கட்டத்துக்குள் சரியாக நிற்கும். "சேர், இந்தத் தேற்றம் எதற்கு?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. டீவி நின்ற நிலையில் சூட்டை வெளியேற்றும்படி செய்யப்பட்டது. படுக்க வைத்தால் சூடு உள்ளே தங்கும். கீழேயும் பக்கங்களிலும் இடைவெளி விட வேண்டும், சிறிய விசிறி ஒன்றும் வேண்டும். மின்சார வேலையைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்தில் வைக்கவே கூடாது. தேநீர்க் கோப்பைக்கும் அந்த மேசையில் இடமில்லை.

தொடுதிரை வேண்டும், அசையும் படம் வேண்டும், சத்தம் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போவதை மட்டும் நான் ஆதரிக்கமாட்டேன். குகையின் வரைபடத்தை மறைத்து வைத்து, பிள்ளைகள் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டுவது போதும். மேப்டூல் போன்ற இலவச மென்பொருளே அதைச் செய்யும். எல்லாவற்றையும் திரையே காட்டிவிட்டால், "அந்தக் கதவு எப்படி இருக்கும்?" என்று கேட்கவும் சொல்லவும் யாருக்கும் தேவை வராது. பேச்சு நின்றால் விளையாட்டும் நின்றுவிடும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, "நான் வைத்தியர், காயம்பட்டவரை முதலில் பார்க்கிறேன்" என்று சொல்லத் துணிவதற்காகத்தானே இவ்வளவும்.

நமது ஊரில் முதலில் எழும் கேள்வி கட்டை உருட்டுவது பற்றியது. பணயம் இல்லை, காசு இல்லை என்றாலும், மார்க்க அடிப்படையில் கட்டையே கூடாது என்போர் நம்மிடையே இருக்கிறார்கள். ஃபத்வா சொல்ல நான் ஆலிம் அல்ல, அதை ஆலிம்களிடம் கேட்போம். ஆனால் கட்டை இல்லாமலும் இது நடக்கும் என்பதற்கு வரலாறே சாட்சி. 1979 அளவில் கட்டைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த நிறுவனமே பெட்டிக்குள் எண் எழுதிய அட்டைத் துண்டுகளை வைத்து விற்றது. குலுக்கி எடுத்து விளையாடினார்கள். 1980களில் அங்கேயும் சில பெற்றோர் இந்த விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று போராடினார்கள். பெற்றோரின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அரக்கனும் சூனியமும் வேண்டாம் என்றால் வேண்டாம். வெள்ளத்தில் ஊரைக் காப்பாற்றும் கதையை எழுதுவோம், புயலில் கரை திரும்பும் தோணியின் கதையை எழுதுவோம்.

"இதையெல்லாம் தாளில் வரைந்தே செய்யலாமே?" என்றால், ஆம், செய்யலாம். தாளில்தான் தொடங்கவும் வேண்டும். ஒரு தவணை தாளில் விளையாடி, பிள்ளைகள் விரும்பி வருகிறார்கள் என்று கண்ட பிறகே மேசையைப் பற்றி யோசிப்போம். மேசையை முதலில் வாங்கிவிட்டு ஆளைத் தேடினால், அது துணி போர்த்திய தளபாடமாக மூலையில் கிடக்கும். பாடசாலைகளில் அப்படிக் கிடக்கும் பொருட்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய டீவி பழசாகி எத்தனையோ வீடுகளில் சும்மா கிடக்கிறது. ஊரில் நல்ல ஓடாவிமார் இருக்கிறார்கள், வயரிங் தெரிந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ் காசு பெரிய தடையாக இருக்காது. வாரத்தில் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதையை நடத்தப் பொறுமையுள்ள ஒரு பெரியவர்தான் கிடைப்பது கஷ்டம். டீவி தர முடிந்தவர்கள் பிறகு சொல்லுங்கள். நேரம் தர முடிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள்.