'லாஸ்ட் நேம்' கட்டாயமா?

ஆன்லைன் படிவங்களில் சிவப்பு நட்சத்திரத்துடன் 'லாஸ்ட் நேம்' கட்டம் இருக்கும். காலியாக விட்டால் அடுத்த பக்கம் வராது. ஸ்மித் என்றால் கொல்லர். ஆங்கிலேயரிடம் தொழிலே குடும்பப் பெயராயிற்று. அவர்களுக்கு அந்தக் கட்டம் சரி. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே இல்லை. மேக்னஸின் மகன் மேக்னசன், மகள் மேக்னஸ்டோட்டிர். டெலிபோன் டைரக்டரியைக்கூட முதல் பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள்! நம் இனிஷியலும் இதே ஜாதிதான். அப்பா பெயரை அதில் டைப் செய்தால், வரும் மெயில் அப்பாவை விளித்து வருகிறது.

சிரித்துவிட்டுப் போக முடியாது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசா இல்லை என்றது. புரோகிராமர்களே, 'முழுப் பெயர்' என ஒரே கட்டம் வையுங்கள். இரண்டு கட்டம்தான் வேண்டுமென்றால், அந்த நட்சத்திரத்தையாவது எடுங்கள்.