விடியலில் எழாதவன் சோம்பேறியா?

நமது வியாபாரத்தில் காலையில் எழாதவனுக்குச் சோம்பேறி என்று பெயர். ஆத்திசூடியில் ஔவையாரும் விடியலில் எழச் சொல்லியிருப்பதால் இதற்கு மறுபேச்சே கிடையாது. பாலக்கோடு தக்காளி மண்டிக்கு இருட்டோடு போகிறவருக்கு இது பொருந்தும். கடையிலுள்ள அத்தனை பேருக்கும் இதே அளவுகோலா என்பதே நமது கேள்வி.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் இயக்கத்தைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், குகை வௌவால்களையும், பகலிரவு தெரியாத அறையில் தங்கிய மனிதர்களையும் கொண்டு இதை ஆராய்ந்தார். இந்தக் கடிகாரம் ஆளுக்கு ஆள் சற்று மாறும். சிலர் காலையில் சுறுசுறுப்பு, சிலர் மாலையில், பெரும்பாலோர் நடுவில். ஓரளவு இது பிறவியிலேயே வருவது. வயதும் ஒரு காரணம். வாலிபத்தில் தூக்கம் பின்னுக்குப் போகும்; 20 வயதுக்குப் பின் மெல்ல முன்னுக்கு வரும். ஆகவே அறுபதைக் கடந்த நாம் நான்கு மணிக்கு விழிப்பதில் நமது ஒழுக்கத்தின் பங்கு கொஞ்சம்தான். வயதின் பங்கே அதிகம்.

‘வாடிக்கையாளர் ஆளின் குணம் பார்த்தா வருகிறார்?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். யாராவது கடை திறந்துதான் ஆகவேண்டும். யார் திறப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கொள்முதலும் கடை திறப்பும் பெரியவர் பார்க்கட்டும். மாலைக் கூட்டம், பாக்கி வசூல், இரவுக் கணக்கு ஆகியவற்றை மகனிடம் விடுங்கள். தூக்கக் கலக்கத்தில் எடை போடுகிறவனால் சரக்கும் சில்லறையும் கைமாறிப் போகும், நஷ்டம் நமக்குத்தான். ஆனால் நள்ளிரவு வரை செல்போன் பார்த்துவிட்டு ‘என் உடம்பு வாகு’ என்பதை ஏற்கக்கூடாது. இரவு வெளிச்சமே அந்தக் கடிகாரத்தைத் தள்ளிப் போடும்.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறக்க 2019-ல் தமிழக அரசு அனுமதித்தது. அங்கே ஷிப்டு மாற்ற ஆள் உண்டு. நமது மளிகைக் கடையில் கணவன், மனைவி இருவர்தான். அவர்களோடு போட்டி போட்டு இருவரும் காலை ஐந்து முதல் இரவு பத்து வரை நின்றால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? வேலையாளுக்கு நாளைக்கு 8 மணி நேரம் என்று சட்டம் உண்டு. முதலாளிக்கு அவரே சட்டம்.

ஆகவே வணிக அன்பர்களே, சரக்குக்கு ஏற்ற இடம் பார்த்து அடுக்கும் நாம், ஆளுக்கு ஏற்ற நேரமும் பார்த்துக் கொடுப்போம். கடையும் நடக்கும், குடும்பமும் நிம்மதியாகத் தூங்கும்.