பாடலின் சொல் கேட்கட்டும்

காவிரிக்கரைச் சிற்றூர் ஆலயங்கள் பலவற்றில், ஆர்மோனியம் இருந்த இடத்தில் இன்று எலெக்ட்ரானிக் கீபோர்டு அமர்ந்துவிட்டது. திருவிழாவை முன்னிட்டுத் தரமான மைக்கும் வாங்குகிறார்கள். ஆனால் இரண்டையும் இணைக்கும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. வாத்தியம் முழங்குகிறது, பாட்டு மங்கிவிடுகிறது.

காரணம் யாது? மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் அளவே. கீபோர்டில் 'லைன் இன்' எனக் குறித்த துளையோ அதனினும் பன்மடங்கு வலியதை எதிர்பார்ப்பது. அதில் மைக்கைச் செருகினால் குரல் மிக மெலிந்தே ஒலிக்கும். 'மைக் இன்' என்னும் துளை சில கீபோர்டுகளில் மட்டுமே உண்டு. அஃது இருப்பின், மைக்கின் மூன்று ஊசி முனையைக் கீபோர்டின் கால் அங்குலத் துளையோடு பொருத்தும் கேபிள் போதும். எனினும் இது 'டைனமிக்' வகை மைக்குக்கே பொருந்தும். 'கண்டென்சர்' வகைக்குப் பொதுவாக 48 வோல்ட் மின்னூட்டம் வேண்டும். கீபோர்டுகள் பெரும்பாலும் அதனைத் தருவதில்லை.

ஆதலால் சிறிய மிக்ஸர் ஒன்றை இடையில் வைப்பதே நலம். கண்டென்சர் மைக் எனில், 48 வோல்ட் தரும் மிக்ஸராகப் பார்த்து வாங்குக. மைக்கை அதன் மைக் துளையிலும், கீபோர்டின் 'அவுட்புட்' கேபிளை லைன் துளையிலும் செருகி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டு செல்லுங்கள். கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தனித்தனி மதகுகள் இருப்பதுபோல், மிக்ஸரில் குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. இணைக்குமுன் எல்லாத் திருகுகளையும் தணித்து வையுங்கள். ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில் போட்டு, முதலில் அணையுங்கள். ஒலிபெருக்கி பாடுவோருக்கு முன்னே, மக்களை நோக்கி நிற்கட்டும். இன்றேல் மைக் ஊளையிடும்.

இது வெறும் கருவி நுட்பமன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழல் ஆர்கனைப் போற்றியதோடு, வழிபாட்டுக்கு ஏற்ற பிற வாத்தியங்களுக்கும் இடமளித்தது. 1967-இல் வந்த திருஇசை பற்றிய உரோமை ஏடு, வாத்தியம் குரலைத் தாங்க வேண்டுமேயன்றி, பாடலின் சொற்கள் விளங்காதபடி அதை அமிழ்த்திவிடலாகாது என்று தெளிவாக உரைத்தது.

அன்பர்களே, அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன் பாடற்குழுவினருள் ஒருவர் ஆலயத்தின் கடைசி வரிசையில் போய் நிற்கட்டும். வாசலோரம் அமரும் மூதாட்டிக்குப் பாடலின் சொல் விளங்குமா? விளங்காதெனில், கீபோர்டின் திருகைச் சற்றே தணியுங்கள். சொல் விளங்கினாலன்றோ அவரும் சேர்ந்து பாடுவார்!