குதிரையைத் துரத்தாமலும் படம் எடுக்கலாம்

அன்பான உறவுகளுக்கும் எங்கள் மாணவர்களின் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்.

ஆகஸ்ட் லீவு வந்தால் நம்மவர்கள் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகிறார்கள். கோட்டை, பெருக்கு மரம், கல்வேலிகள் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகக் குதிரை நிற்கும் வெளிக்குப் போவார்கள். அன்றிரவு பேஸ்புக்கில் வருவது பெரும்பாலும் ஒரே மாதிரியான படம்தான்: புழுதி கிளம்ப, பிடரி பறக்க ஓடும் குதிரைக் கூட்டம். லைக்கும் அதற்குத்தான் விழுகிறது.

அந்தக் குதிரைகள் ஏன் ஓடுகின்றன? சிலர் ஹோர்ன் அடிக்கிறார்கள், சிலர் கைதட்டிக் கத்துகிறார்கள், சிலர் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போகிறார்கள். படத்தில் வீரமாகத் தெரிவது உண்மையில் பயம்.

நெடுந்தீவில் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய மண், அதன் மேல் குட்டைப் புல், அவ்வளவுதான். மாரி மழையில் நிரம்பும் குளங்களும் பள்ளங்களும் சோளகம் வீசும் மாதங்களில் வற்றிவிடும். கடும் வரட்சி வந்த ஆண்டுகளில் குதிரைகள் செத்தும் இருக்கின்றன. நமது ஆகஸ்ட் லீவும் அவற்றின் தாகக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அந்த நேரத்தில் ஓட விட்டால் வியர்வையாகப் போகும் தண்ணீரை அவை எங்கே போய்க் குடிக்கும்? எஞ்சியிருக்கும் ஒரு குளத்தங்கரையில் நாம் கூட்டமாக நின்றால், குட்டியோடு வரும் தாய்க்குதிரை தூரத்திலேயே நின்றுவிடும்.

ஒல்லாந்தர் காலத்தில் இத்தீவில் குதிரை வளர்த்தார்கள். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தங்கிவிட்டன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பெயர்ப்பலகை மட்டும் ஒரு மிருகத்தைக் காப்பாற்றாது.

பூநாரைகளுக்கும் இதே கதைதான். சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமானது. அங்கேயும் நமது மற்றக் களப்புக் கரைகளிலும் இளஞ்சிவப்புச் சிறகு தெரிய வேண்டும் என்பதற்காகப் பறவைகளைக் கலைக்கிறார்கள். அந்த நிறமே அவை சேற்று நீரில் வடித்துத் தின்னும் சிற்றுயிர்களாலும் பாசியாலும் வருவது. நிறத்தைப் படம் பிடிக்க, நிறம் தரும் சாப்பாட்டைக் குழப்புவது என்ன நியாயம்?

“படம் பரவினால்தானே ஊருக்கு ஆட்கள் வருவார்கள், நாலு பேர் பிழைப்பார்கள்?” என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். ஓட்டோக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் அந்தக் குதிரைகள் சோறு போடுகின்றன. அதனால்தான் அவை அங்கே உயிரோடு நிற்க வேண்டும் என்கிறோம்.

படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாகனத்தைத் தூரத்தில் நிறுத்துங்கள். இறங்கி, சத்தமில்லாமல் ஓரிடத்தில் குந்தியிருங்கள். சிறிது நேரத்தில் குதிரைகள் உங்களை மறந்து புல் மேயத் தொடங்கும். தாயோடு உரசி நிற்கும் குட்டி, கல்வேலியின் நிழலில் கண்மூடி நிற்கும் கிழக்குதிரை, பின்னால் கடல் வரை விரிந்த வெளி, இவையெல்லாம் துரத்துபவருக்கு ஒருபோதும் கிடைக்காத படங்கள்.

வற்றிய குளத்தைக் கண்டால் அதையும் படமெடுத்து, இடமும் திகதியும் போட்டுப் பகிருங்கள். அழகான படம் நமக்கு லைக் வாங்கித் தரும். வற்றிய குளத்தின் படத்தைப் பிரதேச சபைக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் காட்டித் தண்ணீர் கேட்கலாம்.

சுற்றுலா கூட்டிச் செல்லும் சக ஆசிரியர்களே, பஸ் ஏறுமுன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை ஓடும் குதிரையின் படத்தைக் காட்டினால், “நல்லாயிருக்கு” என்று சொல்லுமுன் “அது ஏன் ஓடினது?” என்று ஒரு தடவை கேளுங்கள்.