மண் வெட்டும் முன் கான் வெட்டுவோம்



லயக் காம்பிராவின் அளவு நம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் வளர்ந்து, மருமகளும் வந்துவிட்டால் படுக்க இடமில்லை. மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் குளிர் காய ஓர் அடுப்படியாவது வேண்டாமா? அதனால்தான் பின்பக்கத்து மண்மேட்டை வெட்டி, தகரம் போட்டு ஒரு குசினி இறக்குகிறோம். ஆசைக்காக அல்ல, வேறு வழியில்லாமல்.

ஆனால் சரிவின் அடியை வெட்டினால் மேலே உள்ள மண்ணைத் தாங்க எதுவும் இல்லை. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கினால் பாரம் கூடும், பிடி விடும். ஆகவே வெட்டுவதற்கு முன் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைச் சங்கம் மூலம் கேட்போம். வீட்டுக்கு மேலே குறுக்காகக் கான் வெட்டி, குப்பை அடையாமல் பாருங்கள். குளிக்கும் தண்ணீரையும் பாத்திரம் கழுவும் தண்ணீரையும் மேட்டில் ஊற்றாமல் கானில் விடுங்கள். மலசலகூடக் குழியை வீட்டுக்கு மேலே தோண்ட வேண்டாம்.

நிலத்தில் புதிய வெடிப்பு, மரங்கள் சாய்வது, திடீரென ஊற்று கிளம்புவது, பீலித் தண்ணீர் கலங்குவது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 150ஐத் தாண்டினால் வீட்டில் இருக்கவே கூடாது. உதவிக்கு 117ஐ அழையுங்கள்.

இதெல்லாம் தொழிலாளியின் தலையில் மட்டும் விழும் பொறுப்பல்ல. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. அது ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. ஆனாலும் சனங்கள் அங்கேயே இருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் உயிரைக் காக்காது, போய் இருக்க இடம் வேண்டும்.

எனவே நமது கோரிக்கை இதுதான். லயங்களுக்கு மேலே கான் வெட்டுவதும் தாங்குசுவர் கட்டுவதும் தோட்ட நிர்வாகத்தின் வேலை. அதற்குப் பேர் போட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டும். புதிய வீட்டுக்குக் காணி அளக்கும்போது மண் அறிக்கை, தாங்குசுவர், வடிகால் மூன்றும் முதலில் வர வேண்டும். செங்குத்துச் சரிவில் காணியைக் காட்டிவிட்டு, மண்ணை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்பதை ஏற்க மாட்டோம்.

கோரிக்கை நிறைவேறும்வரை மழை காத்திருக்காது. அடுத்த அடைமழைக்கு முன் ஒவ்வொரு லயத்திலும் ஒரு நாள் சிரமதானம் வைப்போம். பிள்ளைகள் தூங்கும் சுவருக்குப் பின்னால் உள்ள மேட்டை முதலில் பார்ப்போம்.